கரும்பொருளா, ஈர்ப்பு விதியில் பிழையா?

அல்சூர்வாசி

நேராகக் கேள்விக்கே வருகிறேன். பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள் என்கிறார்கள். அது ஒளி விடாது, ஒளியை மறைக்காது, எந்தக் கருவியிலும் தட்டுப்படாது. முப்பது நாற்பது வருடமாகத் தேடியும் ஒரு துகள்கூடச் சிக்கவில்லை. அது இருக்கிறது என்று சொல்ல நம்மிடம் உள்ள ஒரே சாட்சி ஈர்ப்பு. கேலக்ஸி எனும் விண்மீன் மண்டலங்களில் விண்மீன்கள் கணக்குக்கு மேல் வேகமாகச் சுற்றுகின்றன, அதனால் அங்கே ஏதோ இருக்க வேண்டும் என்கிறோம். ஆனால் அந்தக் கணக்கே ஈர்ப்பு விதியை வைத்துப் போட்டதுதானே? அவ்வளவு தூரத்தில் விதியே மாறுகிறது என்றால் கரும்பொருளுக்கு வேலையே இல்லை.

நான் இயந்திரத் துறைக்காரன். அளந்ததும் கணக்கிட்டதும் ஒத்துவராவிட்டால் நாங்கள் சூத்திரத்தையும் சந்தேகிப்போம். வானியலில் மட்டும் சூத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைக் கூட்டுவது ஏன்? நம் கோளரங்கத்தில் ஒரு பொது உரையில் இதைக் கேட்டேன், நேரம் முடிந்துவிட்டதால் பாதிப் பதில்தான் கிடைத்தது. இந்தக் குழுவில் விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். விரிவாகவே சொல்லுங்கள்.

காக்ஸ்டவுன் பெரியவர்

தம்பி, வரலாற்றில் இரண்டும் நடந்திருக்கிறது. யுரேனஸ் தன் பாதையிலிருந்து லேசாக விலகுவதைப் பார்த்து, வெளியே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று பிரான்சின் லெவெரியே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பரில் பெர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. விதி சரி, பொருள்தான் விட்டுப்போயிருந்தது.

அதே லெவெரியே அடுத்து புதனை எடுத்தார். அதன் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புகிறது. சூரியனுக்குப் பக்கத்தில் வல்கன் என்று ஒரு கோள் இருப்பதாக இதற்கும் அதே மருந்தைச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு மேல் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் விதியையே மாற்றினார், அந்த 43 விகலையும் தானாக வந்து உட்கார்ந்தது. ஆள் ஒருவர்தான், முறையும் ஒன்றுதான், விடை மட்டும் எதிரெதிர்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பயனியர் 10, 11 விண்கலங்கள் கணக்கைவிட மிகக் கொஞ்சம் கூடுதலாக வேகம் இழந்தன. புதிய ஈர்ப்பு விதி என்று எத்தனையோ பேர் கட்டுரை எழுதினார்கள். 2012-ல் பழைய அளவீடுகளையெல்லாம் தேடி எடுத்து ஆராய்ந்ததில், கலத்தின் அணு மின்கலமும் கருவிகளும் விட்ட வெப்பம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகாததுதான் காரணம் என்று தெரிந்தது. விதியும் மாறவில்லை, புதுப் பொருளும் இல்லை. எனவே ஒரு பக்கமாக முன்கூட்டியே சாய வேண்டாம்.

நிறைமதி

அல்சூர்வாசி, உங்கள் கேள்வியில் ஒரு பாதி முழுக்க நியாயம். கேலக்ஸிகளின் சுழற்சியை மட்டும் வைத்துக்கொண்டால் கரும்பொருளா, விதி மாற்றமா என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது. ஆனால் சாட்சி அது ஒன்றுதான் என்று நினைத்தால் விவாதம் 1980-லேயே நின்றுவிடும். முதலில் அந்தச் சாட்சியையே கிட்டப் போய்ப் பார்ப்போம்.

சூரியக் குடும்பத்தில் பூமி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, நெப்டியூன் 5.4 கி.மீ.தான். மையத்தில் நிறை இருந்தால் வெளியே போகப் போக வேகம் குறைய வேண்டும். அமெரிக்க வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் ஒளிரும் வாயு மேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறமாலை பிடித்தார்கள். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் வரும். மேகம் விநாடிக்கு 200 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் அந்தக் கோடு 4.4 ஆங்ஸ்ட்ராம் மட்டும் தள்ளி விழும். அந்தச் சின்ன விலகலைப் படமெடுக்க ஃபோர்டு கட்டிய ஒளிபெருக்கிக் குழாய் இல்லாவிட்டால் மங்கலான மேகம் ஒவ்வொன்றுக்கும் மிக நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருந்திருக்கும். 1970-ல் முடிவு வெளிவந்தது. விளிம்புவரை போயும் வேகம் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை.

அடுத்த பத்து ஆண்டில் ரேடியோ வானியலாளர்கள் 21 செ.மீ. அலையில், விண்மீன்கள் முடிந்த பிறகும் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜனை அளந்தார்கள். 1978-ல் போஸ்மா அளந்த கேலக்ஸிகளிலும் இதே கதைதான். நம் ஊர்ப்பக்கம் சொல்வதானால் புனேவுக்கு அருகே கோடத்தில் உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி, குட்டிக் கேலக்ஸிகளில் இந்த வேலையை நிறையச் செய்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே, 1933-ல், வானியலாளர் ஸ்விக்கி, கேலக்ஸிகள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும் கோமா கொத்தைப் பார்த்தார். அங்கே கேலக்ஸிகள் ஒன்றுக்கொன்று விநாடிக்கு ஆயிரம் கி.மீ. வரை வேக வித்தியாசத்தில் பறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் நிறை மட்டும் இருந்தால் கொத்து எப்போதோ சிதறியிருக்கும். ஆக, ஒரு கேலக்ஸிக்குள் ஒரு பற்றாக்குறை, கொத்துகளில் இன்னொரு பற்றாக்குறை. இரண்டையும் ஒரே மாற்றத்தால் அடைக்க முடிகிறதா என்பதுதான் விதியை மாற்றுகிறவர்கள் எழுத வேண்டிய பரீட்சை.

மீன்கொத்தி

மேடம், அந்தப் பரீட்சையின் முதல் தாளில் விதி மாற்றம் எடுத்த மதிப்பெண்ணையும் சொல்லிவிடலாமே. நான் தரவு அலசும் வேலையில் இருப்பவன், வானியல் என் தொழில் இல்லை. ஆனால் இந்தத் தரவைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

1983-ல் இஸ்ரேலின் மில்க்ரோம் ஒரு யோசனை சொன்னார். திருத்திய நியூட்டன் இயக்கவியல் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து மோண்ட் என்று அதை அழைக்கிறார்கள். அல்சூர்வாசி தூரத்தைச் சொன்னார், மில்க்ரோம் தூரத்தைத் தொடவில்லை. முடுக்கத்தைப் பிடித்தார். விநாடி வர்க்கத்துக்கு சுமார் 1.2×10⁻¹⁰ மீட்டர் என்ற அளவுக்குக் கீழே முடுக்கம் இறங்கினால் நியூட்டன் விதி வேறு மாதிரி நடக்கும் என்றார். இது எவ்வளவு சிறியது தெரியுமா? நின்ற இடத்திலிருந்து ஒரு பொருளை இந்த முடுக்கத்தில் ஓராண்டு முழுக்கத் தள்ளினால், ஆண்டு முடிவில் அதன் வேகம் விநாடிக்கு 4 மில்லிமீட்டரைத் தொடாது. எந்த ஆய்வகத்திலும் எந்தக் கோளிலும் மொத்த ஈர்ப்பு இந்த எல்லைக்கு இறங்குவதே இல்லை. கேலக்ஸிகளின் விளிம்பு இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு சூத்திரம் விழுகிறது. விளிம்பு வேகத்தின் நான்காம் அடுக்கு, கேலக்ஸியில் உள்ள சாதாரணப் பொருளின் நிறைக்கு நேர் விகிதம். வாயு நிறைந்த மங்கலான கேலக்ஸிகளில் விண்மீன்களை மட்டும் எண்ணினால் கணக்கு இடறும், வாயுவையும் சேர்த்தால் அவையும் அதே கோட்டில் வந்து விழும். 2016-ல் மெக்கா, லெல்லி, ஷோம்பர்ட் மூவரும் 153 கேலக்ஸிகளின் அளவீடுகளை ஒரே வரைபடத்தில் போட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருள் தரும் முடுக்கம் ஓர் அச்சில், உண்மையில் அளந்த முடுக்கம் இன்னோர் அச்சில். பெரியது, சிறியது, சுருள், குட்டி எல்லாம் ஒரே வளைகோட்டில் வந்து நிற்கின்றன, சிதறல் மிகக் குறைவு. வளைவு தொடங்கும் இடம் மில்க்ரோம் சொன்ன அதே எண்.

கரும்பொருள்தான் ஆறில் ஐந்து பங்கு என்றால் அது தன்னிச்சையாக அல்லவா நடக்க வேண்டும்? ஒவ்வொரு கேலக்ஸியும் ஒவ்வொரு விதமாக மோதி, சேர்ந்து, வாயுவை இழந்து வளர்ந்தது. இருந்தும், தெரிகிற பொருளைச் சொன்னால் தெரியாத பொருள் எவ்வளவு, எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. என்ஜிசி 1560 என்ற கேலக்ஸியைப் பாருங்கள். அதன் வாயுவில் ஓரிடத்தில் ஒரு பள்ளம். சுழற்சி வேகத்திலும் அதே இடத்தில் பள்ளம். அங்கே ஆதிக்கம் செலுத்துவது கரும்பொருள் என்றால், கொஞ்சூண்டு வாயுவின் பள்ளத்துக்கு வேகம் ஏன் அடிபணிய வேண்டும்? கரும்பொருள் பக்கம் நிற்பவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அல்சூர்வாசி

மீன்கொத்தி, நன்றி. தூரமில்லை, முடுக்கம் என்பது எனக்குப் புதுச் செய்தி. நிறைமதி மேடம், இன்னொரு சந்தேகம். கரும்பொருள் எங்கும் பரவியிருக்கிறது என்றால் நம் சூரியக் குடும்பத்திலும் இருக்க வேண்டுமே, கோள்களின் பாதையில் ஏன் தெரியவில்லை?

நிறைமதி

இருக்கிறது, ஆனால் அவ்வளவு ஐதாக இருக்கிறது. சூரியனுக்கு அருகே உள்ள விண்மீன்களின் அசைவிலிருந்து கணக்கிட்ட அடர்த்தியை எடுத்துக்கொண்டால், பூமியின் மொத்தக் கன அளவுக்குள் எந்த நேரத்திலும் இருக்கக்கூடிய கரும்பொருள் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. பூமியின் பாதைக்குள் மொத்தம் இருப்பதைச் சேர்த்தாலும் சூரியனின் நிறைக்கு முன்னால் கணக்கில் வராது. கேலக்ஸியின் வெளிப்பகுதியில் விண்மீன்களுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம், அதையெல்லாம் நிரப்பிக்கொண்டு போகும்போதுதான் மொத்தம் கூடிக்கொண்டே போகிறது.

மீன்கொத்தி, நீங்கள் காட்டிய ஒழுங்கை நான் மறுக்கவில்லை. அது தரவு. அதை விளக்க வேண்டிய கடன் கரும்பொருள் தரப்புக்கு இருக்கிறது. விண்மீன் வெடிப்புகள் வாயுவை ஊதித் தள்ளுவதைச் சேர்த்துக் கணினியில் கேலக்ஸிகளை வளர்த்தால் இந்த வளைகோடு ஏறக்குறைய வருகிறது என்கிறார்கள். எனக்கே அதில் முழுத் திருப்தி இல்லை.

ஆனால் இரண்டாம் தாளுக்கு வாருங்கள். கேலக்ஸிக் கொத்துகளில் மோண்டைப் போட்டாலும் கண்ணுக்குத் தெரிவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறை தேவைப்படுகிறது. விதியையும் மாற்றி, அதற்கு மேல் தெரியாத பொருளையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் புல்லட் கொத்து. இரண்டு கொத்துகள் ஒன்றை ஒன்று ஊடுருவிக் கடந்த இடம். ஒரு கொத்தில் சாதாரணப் பொருளில் பெரும்பங்கு கேலக்ஸிகளில் இல்லை, அவற்றுக்கு இடையே கொதிக்கும் வாயுவில் இருக்கிறது. மோதியபோது வாயு வாயுவோடு முட்டி வேகம் இழந்து நடுவில் தேங்கியது. நம் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியில் அது தெளிவாகத் தெரிகிறது. கேலக்ஸிகள் முட்டாமல் இரண்டு பக்கமும் போய்விட்டன. பின்னால் இருக்கும் தொலைதூரக் கேலக்ஸிகளின் உருவம் எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, ஈர்ப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று 2006-ல் வரைந்தார்கள். பெரும்பங்கு நிறை வாயுவில் இருப்பதால் ஈர்ப்பும் நடுவில் இருக்க வேண்டும். இல்லை. இரண்டு பக்கமும், கேலக்ஸிகளோடு போயிருக்கிறது. எதோடும் முட்டாத பொருள் ஒன்று இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

தங்கவயல்காரன்

நான் கோலார் தங்கவயல். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது மாரிகுப்பத்திலிருந்து ரயில் பிடித்து வேலைக்குப் பெங்களூர் வந்து போகும் ஆயிரக்கணக்கான பேரில் நானும் ஒருவன். துகளைத் தேடுகிற பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தவிர்க்க மண்ணுக்கடியில் போக வேண்டும். அதனால்தான் எங்கள் ஊர்ச் சுரங்கம் அறிவியலுக்கு உதவியது. இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து வைத்த கருவியில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்ற, எளிதில் எதோடும் மோதாத துகள் 1965-ல் அகப்பட்டது. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன் எல்லாம் அந்த வேலையில் இருந்தவர்கள். கூண்டில் இறங்கி அந்த வெப்பத்தில் இரும்பும் குழாயும் சுமந்தது எங்கள் தமிழ்த் தொழிலாளிகள்தான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே கருவிகளில் விளங்காத சில தடங்களும் பதிவாயின. 1970களில் அதைக் கோலார் நிகழ்வுகள் என்று எழுதினார்கள். 2014-ல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த மூர்த்தியும் ராஜசேகரனும், இவை கரும்பொருள் துகள் சிதைந்த தடங்களாக இருக்கலாமா என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். இருக்கலாமா என்றுதான் கேட்டார்கள், கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது. தண்ணீர் ஏறிவிட்டது. அந்த ஆழத்தைக் காப்பாற்றி வைத்திருந்தால் இன்றைக்குக் கரும்பொருள் தேட உலகத்தரமான இடம் நம் கையில் இருந்திருக்கும். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இன்று ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் கொல்கத்தா சாகா நிறுவனத்தார் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். இந்த வகைத் தேடலில் உலகத்திலேயே பெரிய செனான் கருவி அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருக்கிறது, அதுவும் ஒரு பழைய தங்கச் சுரங்கம்தான். ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் 7 டன் திரவ செனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். துகள் ஒன்று செனான் அணுவை இடித்தால் முதலில் ஒரு மினுக்கல். இடியில் கழன்ற எலக்ட்ரான்கள் மேலே மிதந்து வந்ததும் இரண்டாவது மினுக்கல். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை வைத்து எந்த ஆழத்தில் இடித்தது என்று சொல்லிவிடுவார்கள். இதுவரை கரும்பொருள் என்று சொல்லத்தக்க ஒன்றும் வரவில்லை.

மீன்கொத்தி

அண்ணா, உங்கள் பதிவுக்கு நன்றி. கடைசி வரியைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும், துகள் இன்னும் மெலிதாக இடிக்கும் என்று எல்லையைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். எந்த அளவீடு வந்தால் கரும்பொருள் பொய் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

புல்லட் கொத்து மோண்டுக்கு இடிதான், மறைக்கவில்லை. ஆனால் கொத்துகளில் விடுபட்ட நிறை சாதாரணப் பொருளாகவே, இன்னும் நாம் பார்க்காத வடிவில் இருக்கலாம். கொத்தில் குறைவது இரண்டு மடங்கு, பிரபஞ்சம் முழுக்க ஐந்து மடங்கு கரும்பொருள் என்பது வேறு சமாச்சாரம்.

2018-ல் கரும்பொருளே இல்லாத கேலக்ஸி என்று என்ஜிசி 1052-டிஎஃப்2 வந்தபோது மோண்ட் செத்தது என்று எழுதினார்கள். விதி எங்கும் ஒன்று என்றால் எல்லாக் கேலக்ஸியிலும் விளைவு தெரிய வேண்டும் என்பது வாதம். ஆனால் பக்கத்தில் ஒரு பெரிய கேலக்ஸி இருந்தால் அதன் ஈர்ப்பு இந்த விளைவை அமுக்கும் என்று மில்க்ரோம் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். அதைச் சேர்த்தால் முரண்பாடு பெருமளவு குறைகிறது.

நிறைமதி

எந்த அளவீடு வந்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்ற கேள்வி சரியான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சாட்சியை வைக்கிறேன். இதில் கேலக்ஸியும் இல்லை, சுழற்சியும் இல்லை.

பிரபஞ்சத்துக்கு 3.8 லட்சம் வயதானபோது கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக வந்து சேர்கிறது. அதில் வெப்ப ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அன்று சாதாரணப் பொருளின் திரட்சியும் ஏறக்குறைய அந்த அளவே. அதற்குப் பிறகு பிரபஞ்சம் 1100 மடங்கு விரிந்திருக்கிறது. நாம் அறிந்த ஈர்ப்பில் திரட்சி, விரிவுக்கு நேராகத்தான் வளரும். லட்சத்தில் ஒன்றை 1100-ஆல் பெருக்கினால் நூற்றில் ஒன்று வருகிறது. கேலக்ஸி உருவாக அது ஒன்றுக்கு மேல் போக வேண்டும். அதாவது சாதாரணப் பொருள் மட்டும் இருந்திருந்தால் 1380 கோடி ஆண்டு போதவில்லை, பால்வெளியே உருவாகியிருக்காது. ஒளியின் அழுத்தத்துக்கு ஆளாகாத பொருள் ஒன்று முன்பே திரளத் தொடங்கியிருந்தால் மட்டுமே கணக்கு நேராகிறது. பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த ஏற்ற இறக்கங்களை வரைபடமாக்கினால் வரும் மூன்றாவது மேட்டின் உயரமும் அதே விகிதத்தைத்தான் சொல்கிறது. பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் சாதாரணப் பொருள் 5 சதவீதம், கரும்பொருள் 27 சதவீதம், மீதி பொருளே அல்லாத கரும் ஆற்றல்.

விதியை மாற்றுகிறவர்கள் ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் அளவுக்கு முழுமையான ஒன்றை எழுத முயன்றார்கள். 2004-ல் பெக்கன்ஸ்டைன் எழுதியதுதான் பேர்பெற்றது. 2017 ஆகஸ்ட் 17-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை வந்து 1.7 விநாடியில் காமாக் கதிர் வந்தது. 13 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பிறகு 1.7 விநாடி இடைவெளி. ஒளியும் ஈர்ப்பும் வெவ்வேறு வேகத்தில் போகும் என்ற கோட்பாடுகள் அன்றே சரிந்தன, பெக்கன்ஸ்டைனின் அசல் வடிவமும் அதில் சேர்த்தி. 2021-ல் ஸ்கோர்டிஸும் ஸ்வோஷ்னிக்கும் எழுதியது இந்தச் சோதனையைத் தாண்டுகிறது, நுண்ணலைத் தரவுக்கும் பொருந்துகிறது. ஆனால் அதற்காக அவர்கள் சேர்த்த புதிய புலம், தொடக்ககாலப் பிரபஞ்சத்தில் தூசியைப் போலவே, அதாவது அழுத்தமில்லாத பொருளைப் போலவே, நடந்துகொள்கிறது. கரும்பொருள் வேண்டாம் என்று கிளம்பிய கோட்பாடு கரும்பொருளைப் போல நடக்கும் ஒன்றை உள்ளே அழைத்துத்தான் பொருந்துகிறது. என் முடிவு இதில்தான் நிற்கிறது. அண்டவியலில் கரும்பொருளைத் தவிர்க்க முடியவில்லை, கேலக்ஸிக்குள் மில்க்ரோமின் எண்ணைத் தவிர்க்க முடியவில்லை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் கவிழ்ந்துவிட்டதாகச் சொல்ல எதுவும் இல்லை. அந்தச் சிறிய முடுக்கத்தில் அதைச் சோதித்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது.

காக்ஸ்டவுன் பெரியவர்

ரொம்ப நல்லாப் போகிறது. கேலக்ஸிக்கு வெளியே போகாமல், பக்கத்திலேயே சோதிக்க வழி இல்லையா அம்மா? கரும்பொருள் குறுக்கே வராத இடமாக.

மீன்கொத்தி

இருக்கிறது ஐயா. தள்ளித் தள்ளிச் சுற்றும் இரட்டை விண்மீன்கள். சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றிலிருந்து, பூமி-சூரியன் தூரத்தைப் போல் 7000 மடங்கு தள்ளிப் போனால் முடுக்கம் மில்க்ரோம் எண்ணுக்கு இறங்கிவிடும். இரண்டு விண்மீனுக்கு நடுவே கரும்பொருள் சொற்பம், நீங்கள் கேட்டதற்கு நேர்ப் பதில். கையா செயற்கைக்கோள் இப்படிப்பட்ட ஜோடிகளை ஆயிரக்கணக்கில் அளந்து தந்திருக்கிறது.

2023-ல் கொரியாவின் சே விலகல் தெரிகிறது என்றார். பானிக் குழுவினர் இன்னொரு விதமாக அலசி நியூட்டன் விதியே சரி என்றார்கள். சிக்கல் என்னவென்றால், ஜோடியில் ஒரு விண்மீனுக்குப் பக்கத்தில் தெரியாத மூன்றாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் வேகம் கூடித் தெரியும். அதை எப்படிக் கழிக்கிறோம் என்பதில்தான் இரண்டு தரப்பும் பிரிகிறார்கள். கையாவின் அடுத்த தரவில் ஜோடிகளின் அசைவு இன்னும் துல்லியமாக வரும். நியூட்டன் தெளிவாக வென்றால் நான் மோண்டை விட்டுவிடுவேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைமதி

விலகல் தெளிவாக வந்தால் பொதுச் சார்பியலை அந்த எல்லையில் திருத்தியே ஆக வேண்டும், நானும் எழுதித் தருகிறேன். அப்போதும் நுண்ணலைக் கணக்கு தனியாக நிற்கும்.

அல்சூர்வாசி, இதையெல்லாம் எங்கள் வாய்வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன்கொத்தி சொன்ன அந்தக் கேலக்ஸித் தரவுத் தொகுப்பின் பெயர் ஸ்பார்க், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். என்ஜிசி 3198-ஐ எடுங்கள். வாயு, வட்டு இரண்டும் தரும் வேகங்கள் தனித்தனிப் பத்தியில் இருக்கும், வட்டின் வேகத்தை மட்டும் விண்மீன்களின் நிறைக்கும் ஒளிக்கும் உள்ள விகிதத்துக்கு (நிறை விகிதம்) ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அளந்த வேகத்துக்குப் பக்கத்தில் வரையுங்கள். எந்த ஆரத்தில் கோடுகள் பிரிகின்றன, அங்கே முடுக்கம் எவ்வளவு என்று பாருங்கள்.

அல்சூர்வாசி

இறக்கிவிட்டேன் மேடம். வட்டின் நிறை விகிதத்துக்கு என்ன எண் போடுவது? 0.5 என்று சிலர் போடுகிறார்கள், அதை மாற்றினால் பிரியும் இடமே நகர்கிறதே.

மீன்கொத்தி

0.5-ல் தொடங்குங்கள், அகச்சிவப்பு ஒளிக்கு அதுதான் வழக்கம். அப்புறம் 0.3, 0.7 போட்டு மூன்று கோடும் ஒரே படத்தில் வரைந்து இங்கே போடுங்கள். உள்பகுதி நகரும், வெளிப்பகுதி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.